பந்து யாரைத் தேடி வருகிறது?

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கின்றனர். ஆவணி பிறந்துவிட்டால் அப்பிள்ளைகளின் தொலைபேசிப் பேச்சில் புதிய சொல்லொன்று கலந்துவிடுகிறது. "இன்று எங்கள் ஆபீசில் டிராஃப்ட், அம்மா, நாளை பேசுகிறேன்" என்கின்றனர். டிராஃப்ட் என்றால் வங்கியில் எடுப்பதுதான் என்று நினைத்திருந்த அன்னையார் ஒருவர் நம்மிடம் வினவினார்: "ஆட்டக்காரர்களின் கணக்கை வைத்துக்கொண்டு மகன் இரவெல்லாம் விழித்திருக்கிறானாம். இது விளையாட்டா, சூதாட்டமா?" விடுமுறையில் வந்திருந்த இளைஞர் சிலரோ வேறொன்று கேட்டனர்: "வைட் ரிசீவரை எதைக் கொண்டு எடைபோடுவது?"

இரு வினாக்களுக்கும் இத்திங்கள் விடை கூற முயல்வோம். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறோம். அது தெளிந்தால் முதலாவதற்கு வழி தானே பிறக்கும்.

அமெரிக்கர் ஃபுட்பால் என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், பிடித்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் ஆட்டம் அது. களத்தின் நீளம் 100 கெஜம். அணிக்கு 11 பேர். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். களத்தின் ஓரத்தில் நின்று, ஆட்டம் தொடங்கியதும் பாய்ந்தோடி, அவர் எறியும் பந்தைப் பிடிப்பவர் வைட் ரிசீவர். இவரை நாம் பந்தேற்பவர் என்றே அழைப்போம். பந்தோடு எல்லைக்குள் புகுந்தால் அது டச்டவுன்; அணிக்கு 6 புள்ளி. என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை அமைப்பில் 32 அணிகள் உள்ளன. பருவத்துக்கு 16 ஆக இருந்த ஆட்டங்கள் 2021-ஆம் ஆண்டில் 17 ஆயின.

இதன்மேல் கட்டப்பட்ட கற்பனை ஆட்டமே ஃபேண்டசி ஃபுட்பால். 1962-ஆம் ஆண்டில், ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரருள் ஒருவரான வில்ஃபிரெட் விங்கன்பாக் என்பார், அணியோடு கிழக்குக் கரைக்குச் சென்றிருந்த பொழுது, நியூயார்க் ஓட்டல் ஒன்றில் நண்பர் சிலரோடு கூடி இதன் விதிகளை வகுத்தார். அடுத்த ஆண்டு ஓக்லாந்தில் முதல் தேர்வு நடைபெற்றது. அதைத்தான் டிராஃப்ட் என்கின்றனர். பத்து அல்லது பன்னிரண்டு நண்பர்கள் கூடி, மெய்யான வீரர்களை முறைவைத்துத் தத்தம் கற்பனை அணிக்கு எடுத்துக்கொள்வர். ஒருவர் எடுத்த வீரரை மற்றவர் எடுக்க இயலாது. முதற்சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் எடுப்பார். பாம்பு வளைவதுபோல் வரிசை திரும்பிவரும். பின்னர் மெய்யான ஆட்டத்தில் அவ்வீரர் செய்வதெல்லாம் எடுத்தவருக்குப் புள்ளியாகும்.

பந்தேற்பவருக்குப் பரவலாக வழங்கும் கணக்கு எளியது. ஒரு பந்தைப் பிடித்தால் 1 புள்ளி. கடந்த ஒவ்வொரு 10 கெஜத்துக்கும் 1 புள்ளி. டச்டவுனுக்கு 6 புள்ளி. ஒருவர் ஓர் ஆட்டத்தில் 6 பந்துகளைப் பிடித்து, 80 கெஜம் கடந்து, ஒரு டச்டவுனும் செய்தால் 6, 8, 6 என 20 புள்ளி. சில குழுக்களில் பிடித்ததற்கு அரைப்புள்ளியே உண்டு. சிலவற்றில் அதுவும் இல்லை. ஆதலால் தேர்வுக்கு முன் செய்யத்தக்க முதல் வேலை, தம் குழுவின் விதியைப் படிப்பது. விதியைப் படியாமலே வீரர்களைப் படிப்போர் மிகப் பலர்.

இனி எடைபோடும் முறைக்கு வருவோம்.

பெரும்பாலோர் செய்வது, சென்ற ஆண்டில் யார் அதிக டச்டவுன் செய்தார் என்று பார்த்து அவரை எடுப்பதே. அக்காட்சி கண்ணில் நிற்கிறது, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, மறுநாள் பத்திரிகையில் படமும் வருகிறது. எனினும் டச்டவுன் போல் நிலையற்ற எண் வேறில்லை. டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் கால்வின் ஜான்சன் 2011-இல் 16 டச்டவுன் செய்தார். 2012-இல் அவர் கடந்த தூரம் 1,964 கெஜம். அதற்கு முன்னர் எந்தப் பந்தேற்பவரும் ஒரே பருவத்தில் அத்தனை கெஜம் கடந்ததில்லை. ஆயினும் அவ்வாண்டில் அவர் செய்த டச்டவுன் 5 மட்டுமே. மறு ஆண்டில் அவ்வெண் 12 ஆயிற்று. மனிதர் ஒருவரே, அணியும் ஒன்றே. எண் மட்டும் 16, 5, 12 என ஊசலாடியது. அட்லாண்டாவின் ஜூலியோ ஜோன்ஸ் 2017-இல் 1,444 கெஜம் கடந்தும் 3 டச்டவுனே கண்டார்; மறு ஆண்டில் 8 கண்டார்.

காரணம் யாதெனில், டச்டவுன் பெரும்பாலும் எல்லைக்கு அருகே நிகழ்வது. அங்கே பந்தை எறிவதா, மற்றொருவர் கையில் கொடுத்து ஓடவிடுவதா என்பது அந்த நொடியில் முடிவாகிறது. ஒரு கெஜம் முன்னதாகவே பிடித்து வீழ்த்தப்பட்டால், அவர் உழைத்துக் கடந்த தூரத்தின் பயனை அடுத்த ஆட்டத்தில் வேறொருவர் கொண்டுபோவார்.

இரயில்வேயில் கணக்கெழுதுவோருக்கு இது எளிதில் விளங்கும். ஒரு நிலையத்தின் வருவாயைத் திருவிழா நாளின் கூட்டத்தைக் கொண்டு அளப்பாரில்லை. தேர்த்திருவிழாவன்று சீட்டு வாங்கும் பல்லாயிரம் பேர் மறுநாள் வருவதில்லை. சீசன் டிக்கெட் வைத்திருப்பவரோ மழையிலும் வருவார், வெயிலிலும் வருவார். டச்டவுன் திருவிழாக் கூட்டம். அப்படியாயின் பந்தேற்பவரின் கணக்கில் சீசன் டிக்கெட் எது?

அவரை நோக்கி எறியப்பட்ட பந்துகளின் தொகையே அது. அமெரிக்கர் இதனை டார்கெட் என்பர். பிடித்ததும் பிடிக்காமல் விட்டதும் இதில் சேரும். கால்வின் ஜான்சனின் 2012-ஆம் ஆண்டுக் கணக்கை மீண்டும் எடுத்துக்கொள்வோம். அவரை நோக்கி வந்த எறிகள் 204. அவற்றுள் 122-ஐப் பிடித்தார். மேற்சொன்ன முறைப்படி, பிடித்ததற்கு 122, தூரத்துக்கு 196.4, டச்டவுனுக்கு 30, ஆக 348.4 புள்ளி. 16 டச்டவுன் செய்த 2011-இல் 96 பந்துகள், 1,681 கெஜம். பந்தேற்ற வகையில் மட்டும் 360.1 புள்ளி. டச்டவுன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியும் புள்ளி ஏறத்தாழ அதே அளவில் நின்றது. எறிகளின் தொகை அவரைத் தாங்கி நின்றதே அதற்குக் காரணம்.

பெரிய ஆண்டு கண்ட மற்றவர்களையும் பார்ப்போம். நியூ ஆர்லியன்ஸின் மைக்கேல் தாமஸ் 2019-இல் 149 பந்துகளைப் பிடித்துச் சாதனை நிறுவினார். அவரை நோக்கிய எறிகள் 185. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் கூப்பர் கப் 2021-இல் பிடித்தவை 145, கடந்தது 1,947 கெஜம், டச்டவுன் 16. மூன்றிலும் அவ்வாண்டு அவரே முதல்வர். அவரை நோக்கிய எறிகள் 191. மின்னசோட்டாவின் ஜஸ்டின் ஜெஃபர்சன் 2022-இல் 1,809 கெஜம் கடந்தபொழுது எறிகள் 184. பெரிய ஆண்டு ஒவ்வொன்றின் அடியிலும் எறிகளின் பெருந்தொகை இருக்கக் காண்கிறோம்.

இவ்வெண்ணை நாம் இத்துணை மதிப்பதற்குக் காரணம் உண்டு. பிடித்த பந்தும் கடந்த தூரமும் வீரர் செய்தவை. எறியோ பிறர் அவரிடம் ஒப்படைத்த வேலை. பயிற்சியாளர் வாரம் முழுவதும் திட்டம் வகுக்கிறார். எறிபவர் இரண்டு மூன்று விநாடிகளுக்குள் யாரை நம்புவது என முடிவு செய்கிறார். நாள்தோறும் அவ்வீரரை அருகிலிருந்து காண்போர் அவர்மேல் வைத்த நம்பிக்கையே அந்தத் தொகையாகப் பதிவாகிறது. வெளியிலிருந்து ஏட்டைப் பார்க்கும் நமக்கு அதனினும் நல்ல சாட்சி கிடைப்பது அரிது. ஆபீசிலும் இதுவே முறை. எந்தக் குமாஸ்தாவின் மேசைக்குக் கடினமான கோப்புகள் போய்ச் சேர்கின்றன என்று பார்த்தால், மேலதிகாரி யாரை நம்புகிறார் என்பது விளங்கிவிடும்.

தொகையோடு பங்கையும் பார்த்தல் வேண்டும். 2012-இல் டெட்ராய்ட்டின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்ட் 727 முறை எறிந்தார். அதுவரை எவரும் ஒரு பருவத்தில் அத்தனை முறை எறிந்ததில்லை. அவ்வாண்டில் ஜான்சனை நோக்கி வந்த எறிகள் 204. அதாவது அணியின் எறிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 28. நூற்றுக்கு 25-ஐத் தொட்டாலே அவர் அவ்வணியின் முதன்மைப் பந்தேற்பவர் எனக் கொள்ளலாம். ஆட்டத்துக்கு 8 எறிக்குமேல் வருமாயின் அவர் தேர்வின் முதற்சுற்றுகளில் எண்ணத்தக்கவர். எறிகள் 4, 5 என்றிருக்கப் புள்ளி மட்டும் மிகுந்திருந்தால், அது திருவிழா வருவாயோ என்று ஐயுறுதல் நன்று.

அடுத்து, வேகம். என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைச் சேர்த்துக்கொள்ளுமுன் அவர்களை 40 கெஜம் ஓடவிட்டுக் காலத்தை அளக்கின்றன. 2017-இல் ஜான் ராஸ் என்பார் 4.22 விநாடியில் ஓடி, அந்நாள்வரை இருந்த சாதனையை முறியடித்தார். சின்சினாட்டி அணி அவரை 9-ஆவது வீரராக எடுத்தது. முதல் பருவத்தில் மூன்று ஆட்டங்களே ஆடினார். ஒரு பந்தும் பிடிக்கவில்லை. மறு பருவத்தில் 21 பந்துகளைப் பிடித்து 7 டச்டவுன் செய்தார். டச்டவுன் எண்ணை மட்டும் பார்த்தவர்கள் அவர்மேல் நம்பிக்கை வைத்திருப்பர். அதற்கடுத்த பருவத்தில், காயத்தால் பாதி ஆட்டங்களே ஆடிய நிலையில், டச்டவுன் 3 ஆயிற்று.

அதே 2017-இல், கிழக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகம் என்னும் அதிகம் பேசப்படாத இடத்திலிருந்து ஒருவர் வந்தார். 4.62 விநாடியில் ஓடினார். 68 பேர் எடுக்கப்பட்ட பிறகு, 69-ஆவதாக எடுக்கப்பட்டார். அவர்தாம் மேலே நாம் கூறிய கூப்பர் கப். பந்தேற்போருள் தலையாயவர் எனப் பலரும் போற்றும் ஜெர்ரி ரைஸும் 1985-இல் 16-ஆவதாகவே எடுக்கப்பட்டார். பந்தேற்போர் இருவர் அவருக்கு முன்னரே போயினர். கொத்தனாரின் மகனான அவர் 1,549 பந்துகளைப் பிடித்து 22,895 கெஜம் கடந்த பின்னரே ஓய்ந்தார்.

வேகம் வேண்டாத பொருள் என்று நாம் கூறவில்லை. மெயில் வண்டி வேகமாகப் போகும். அது நம் ஊரில் நிற்குமா என்பதையும் கேட்டுக்கொண்டே சீட்டு வாங்குகிறோம் அல்லவா? குறித்த இடத்தில், குறித்த நொடியில் திரும்பி நிற்கத் தெரிந்தவரிடமே எறிபவரின் கண் செல்கிறது.

மூன்றாவது, எறிபவர் யார் என்பது. இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கூப்பர் கப் 2020-இல் பிடித்தவை 92, கடந்தது 974 கெஜம், டச்டவுன் 3. மறு ஆண்டே 145, 1,947, 16 என உயர்ந்தார். இடையில் நிகழ்ந்த மாற்றம் ஒன்றுண்டு. 2021-இல் ராம்ஸ் அணி புதிய குவார்ட்டர்பேக்கைக் கொண்டுவந்தது. அவர் வேறு யாருமல்லர். டெட்ராய்ட்டில் ஜான்சனுக்கு எறிந்த அதே மேத்யூ ஸ்டாஃபர்ட்.

இக்கதை இன்னும் தொடர்கிறது. 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கப் காயமுற்று முதல் நான்கு ஆட்டங்களுக்கு வரவில்லை. அவருடைய இடத்தை நிரப்ப, 177-ஆவதாக எடுக்கப்பட்ட புகா நகுவா என்னும் புதியவர் வந்தார். தேர்வு நாளில் பலர் அவரைக் கருதவே இல்லை. முதல் ஆட்டத்தில் ஸ்டாஃபர்ட் அவரை நோக்கி எறிந்தவை 15, இரண்டாவதில் 20. எறிகளை எண்ணுபவருக்கு அந்த இரண்டு வாரங்களே போதுமாயின. பருவ முடிவில் நகுவா 105 பந்துகள், 1,486 கெஜம் என, முதலாண்டு வீரர் எவரும் அதற்குமுன் எட்டாத அளவை எட்டினார். ஜான்சன், கப், நகுவா மூவர்க்கும் எறிந்த கை ஒன்றே. பந்தேற்பவரைத் தேர்ந்தெடுப்போர் அவருக்கு எறிபவரையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கின்றனர். அணி மாறிய வீரரையும், எறிபவர் மாறிய அணியையும் கண்டால், பழைய எண்களை அப்படியே நம்பாமல் புதிதாகக் கணக்கிடல் வேண்டும்.

இத்தனையும் ஆராய்ந்து எடுத்தாலும், உடல் ஒத்துழைத்தால்தான் எண் நிற்கும். 149 பந்துகளைப் பிடித்த மைக்கேல் தாமஸ், மறு ஆண்டு 7 ஆட்டங்களில் 40 பந்துகளே பிடித்தார்; அதற்கடுத்த பருவம் முழுவதும் களத்தில் இறங்கவில்லை. கூப்பர் கப் தம் உச்ச ஆண்டுக்கு மறு ஆண்டில் 9 ஆட்டங்களோடு நின்றார். ஆதலால் முதற்சுற்றில் எடுத்த ஒருவரையே மலைபோல் நம்பாமல், பிற்சுற்றுகளில் இருவர் மூவரைக் கைவசம் வைத்துக்கொள்ளல் வேண்டும். முதன்மையானவருக்குக் காயம் நேர்ந்தால் எறிகள் யாரிடம் போய்ச்சேரும் என்று முன்னரே எண்ணி, அத்தகையோரைப் பிற்சுற்றில் எடுப்பது நல்ல வழி. ஒவ்வோர் அணிக்கும் பருவத்தில் ஒரு வாரம் ஓய்வுண்டு. தம் வீரர் எல்லோரும் ஒரே வாரத்தில் ஓய்ந்திராதபடியும் பார்த்துக்கொள்ளலாம்.

காயத்தைப் பற்றிப் பேசுகையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரி 2-ஆம் நாள் சின்சினாட்டியில், பஃபலோ அணிக்கும் சின்சினாட்டி அணிக்கும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கற்பனைக் குழுக்கள் பலவற்றுக்கு அதுவே இறுதி வாரம். வெற்றி தோல்வி அவ்வோர் ஆட்டத்தைப் பொறுத்து நின்றோரும் உண்டு. சின்சினாட்டியின் பந்தேற்பவர் டீ ஹிக்கின்ஸ் பந்தைப் பிடித்து ஓடினார். அவரைத் தடுத்த பஃபலோ வீரர் டமார் ஹாம்லின் எழுந்து நின்று, மறுகணம் மயங்கி விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. களத்திலேயே மருத்துவர்கள் உயிரை மீட்டனர். ஆட்டம் அதோடு நிறுத்தப்பட்டது. மீண்டும் ஆடப்படவே இல்லை. ஹாம்லின் பிழைத்து, அதே ஆண்டில் அடுத்த பருவத்தில் களத்துக்குத் திரும்பினார் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. அவ்விரவில் தம் புள்ளியை எண்ணிக்கொண்டிருந்தவர்கள், தாம் எண்ணியவை மனித உயிர்கள் என்பதை உணர்ந்திருப்பர். 'என் வீரர்' என்று நம் பிள்ளைகள் சொல்லும்பொழுது, அவ்வீரருக்கும் கவலையோடு பார்த்திருக்கும் தாய் ஒருத்தி உண்டென்பது நினைவிலிருத்தல் நன்று.

இனி அன்னையாரின் வினா. இது சூதாட்டமா?

பணத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், கூர்ந்து நோக்கும் பயிற்சியாகவும் நண்பர் கூடும் வாய்ப்பாகவும் இது இருக்கிறது. பணம் புகுந்து, தொகையும் ஏறினால், கணக்குப் பார்த்த மனம் இழந்ததை மீட்கப் பார்க்கும். அங்கே தொல்லை தொடங்கும். அமெரிக்க ஆபீசுகளில் ஆளுக்கொரு சிறு தொகை போட்டு ஆடும் வழக்கம் உண்டு. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை, அவை திறமையைச் சார்ந்தவையா அதிர்ஷ்டத்தைச் சார்ந்தவையா என்ற வேறுபாடு பாராமல் தடை செய்தது. ஆதலால் இங்குள்ள இளைஞர் அயல்நாட்டு நண்பரோடு சேர்ந்து ஆட விரும்பினால், காசில்லாத குழுவில் மட்டும் சேர்க. ஒன்பது பேரோடு கூடிச் சிரித்துப் பேசுவதற்குக் கட்டணம் தேவையில்லை.

பெற்றோர்க்கும் ஒரு சொல். ஊரைவிட்டு வந்து, மொழி தெரியாத இடத்தில், ஆபீசில் எல்லோரும் பேசும் பேச்சில் கலந்துகொள்ள இயலாமல் தனித்து நிற்பது என்னவென்பதை நம் சங்கத்தார்க்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலையில் ஓர் அமெரிக்க ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிய பேச்சே முதற்பேச்சு. அப்பேச்சில் நம் பிள்ளைக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. இரவெல்லாம் விழிக்க வேண்டாம் என்று கண்டிக்கலாம். பணம் எவ்வளவு போட்டாய் என்றும் தயங்காமல் கேட்கலாம். அதோடு நில்லாமல், "உன் பந்தேற்பவரை நோக்கிச் சென்ற வாரம் எத்தனை எறி வந்தது, தம்பி?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் முடியும் தொலைபேசிப் பேச்சு அன்று அரை மணி நேரம் நீளும்.

தேர்வுக்கு அமரும் இளைஞர் நினைவிற்கொள்ள, சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறோம். குழுவின் விதியை முதலில் படிக்க. சென்ற ஆண்டின் டச்டவுனைக் கடைசியாகப் பார்க்க. எறிகளின் தொகையையும், அணியின் மொத்த எறியில் அவர் பெற்ற பங்கையும் முதலில் பார்க்க. எறிபவர் அவரே தானா, மாறிவிட்டாரா என்று விசாரிக்க. ஓட்டக் கடிகாரத்தின் எண்ணுக்கு மயங்காதிருக்க. ஒருவர் வீழ்ந்தால் ஏந்த மற்றொருவரை வைத்துக்கொள்க.

அடுத்த திங்கள், அயலூரில் பிறந்த குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துப் பயிற்றுவதைப் பற்றி எழுத எண்ணியுள்ளோம். அது குறித்துக் கேட்க விரும்பும் தாய்மார், மாதம் முடிவதற்குள் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்புவாராக.